விழ மாட்டேன் என்ற சர்வர்

சர்வர் விழ மாட்டேன் என்று அடம்பிடித்தது. மாதம் முழுக்க ஒரு நாளைக்கு நாலு தடவை தலைகுப்புற விழுந்து புரோகிராமரின் உயிரை வாங்கிய சனியன், விழுந்தே ஆகவேண்டிய இன்றைக்குக் குத்துக்கல்லாட்டம் நின்றது.

சர்வர் விழுந்து எழுந்தால், அறுந்த இணைப்பைத் தானாகத் திரும்பப் பிடிக்கும் புரோகிராம் ஒன்றை அவன் எழுதியிருந்தான். அதை வாங்க வந்த அம்மையார் எதிரே உட்கார்ந்திருந்தார். இது விற்றால் அவனுக்கு வேலை நிரந்தரம், விற்காவிட்டால் வீட்டில் நிரந்தரம் என்று மேனேஜர் காலையிலேயே சொல்லிவிட்டார்.

லேப்டாப்பில், 'இணைப்பு உள்ளது' என்ற பச்சை விளக்கு நேற்றுக் காலையிலிருந்து எரிந்துகொண்டிருந்தது. அது ஒரு தடவை சிவப்பாகி மறுபடி பச்சையானால் போதும்.

"எப்ப விழும்?" என்றார் அம்மையார்.

"இப்ப விழுந்துரும் மேடம்."

சர்வர் அறை பூட்டியிருந்தது. சாவி வைத்திருப்பவர் லீவு. புரோகிராமர் எழுந்து வாசல்வரை போய் எலெக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டான்.

"அண்ணே, சர்வர் ரூம் கரண்ட்ட நிறுத்துங்க."

"அது எந்த சுவிட்சுன்னு எவனும் எழுதி வைக்கலையேப்பா."

"ஒவ்வொண்ணா இறக்குங்க."

முதல் சுவிட்சில் ஏசி நின்றது. இரண்டாவதில் மேனேஜரின் அறை இருண்டது. மூன்றாவதில் லிஃப்ட் பாதியில் நின்று, உள்ளேயிருந்து யாரோ கதவைத் தட்டினார்கள். பச்சை விளக்குக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

"உள்ள இருக்கறது எங்க டைரக்டர்னு நினைக்கிறேன், பின்னாடியே வர்றேன்னாரு," என்றார் அம்மையார்.

அவன் இனி போனால் போகிறது என்று துணிந்துவிட்டான். "மெயினையே இறக்குங்கண்ணே."

கட்டடமே இருண்டது. வேர்த்து விறுவிறுத்து மேனேஜர் ஓடிவந்தார். பேட்டரியில் ஓடிய லேப்டாப்பில் பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது.

அம்மையார் திரையைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்தார்.

"கட்டடமே செத்துப் போச்சு, உங்க சர்வர் அசையலையே. விழுந்து எழுந்திருக்கற கதையெல்லாம் எதுக்குத் தம்பி? இந்த சர்வரையே வாங்கிக்கறோம். எங்க கையெழுத்துப் போடணும்?"

புரோகிராமருக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. திட்ட வந்த மேனேஜர் அவன் தோளில் கைபோட்டார்.

அப்போது வாட்ச்மேன் படியேறி மூச்சிரைக்க வந்து நின்றார்.

"சார், நேத்து மத்தியானம் ரிப்பேருக்குத் தூக்கிட்டுப் போன சர்வரக் கொண்டாந்திருக்காங்க. எங்க வைக்கறதுன்னு கேக்கறாங்க."