அடிக்குரலுக்கு ஒரு பெட்டி

குழாய் ஸ்பீக்கரில் எவன் பாடினாலும் டப்பாவுக்குள் மாட்டிய கொசு மாதிரித்தான் கேட்கும். மைக் செட் வாடகைக்கு விடுகிறவன் இதை வெளியே சொல்லக் கூடாது. நான் தொழிலை விட்டுவிட்டேன். சொல்லலாம்.

எழுபதுகளின் தொடக்கம். ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்சந்தில் என் கடை. ஒரு ஆம்ப்ளிபயர், இரண்டு குழாய், ஒரு மைக். படிப்பு ஐந்தாவது. (அதிலும் கடைசி பெஞ்சு.)

துறைமுகத்தில் சரக்கு தூக்கும் விஞ்சு ஓட்டிய சூசை மாமா கோயில் பாட்டுக் குழுவில் அடிக்குரல் பாடுவார். அவருடைய இரண்டாவது மகள் பிலோமினாவைக் கட்டிக்கொள்ள எனக்கு ஆசை. (அவளுக்கும்தான். சொல்ல மாட்டாள்.) மூத்தவள் கல்யாண விருந்துக்கு என் மைக் செட். மாமா வாழ்த்துப் பாட்டுப் பாடுவதாக ஏற்பாடு. என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

“உன் கொயாய்ல என் குரலு பொம்பள குரலு மாரி வருது. என் குரலு என் குரலா வந்தா பிலோமினா பேச்சை எடு. இல்லாங்காட்டி என் வூட்டாண்ட வராதே.”

மூர் மார்க்கெட்டில் பழைய வட்ட ஸ்பீக்கர் ஒன்று வாங்கினேன். வெறுமனே வைத்தால் சத்தம் வந்தது, கனம் வரவில்லை. அதற்கு மூடிய பெட்டி வேண்டும் என்றார்கள். தேயிலைப் பெட்டியில் வைத்தேன், கடகடத்தது. அண்டாவில் வைத்தேன், அண்டாதான் பாடியது.

பக்கத்துக் கடை ஆரோக்கியம் சவப்பெட்டி செய்கிறவர். அளவு தப்பிப்போய் யாரும் எடுக்காத பெட்டி ஒன்று அங்கே கிடந்தது. என் கடையில் இடமில்லாமல் ஒருநாள் ஸ்பீக்கரை அதற்குள் வைத்துப் பாட்டுப் போட்டேன். தரை அதிர்ந்தது. நல்ல பலகை. இடுக்கு இல்லை. உள்ளே பஞ்சு மெத்தை வேறு. ஸ்பீக்கருக்கென்றே செய்த மாதிரி இருந்தது.

கேட்டேன். ஆரோக்கியம் யோசிக்கவே இல்லை.

“எடுத்துக்க நைனா. இதுல படுத்தவன் எவனும் சத்தம் போட்டதில்ல. நீயாச்சும் போடு.”

மூடியில் வட்டமாக ஓட்டை போட்டு ஸ்பீக்கரை முடுக்கினேன். மூடியின் நடுவில் வெள்ளைச் சிலுவை இருந்ததால், அதற்கு மேலே, முகம் வரும் இடத்தில் போட்டேன். சிலுவையை வெட்டுவது பாவம் என்று தோன்றியது. (கல்யாணத்துக்குச் சவப்பெட்டி கொண்டுபோவது தோன்றவில்லை.) கல்யாணத்தன்று விடியும்முன் போய் மண்டபத்து மூலையில் நிறுத்தினேன். மூலையில் வைத்தால் கனம் இன்னும் கூடும். மேலே அம்மாவின் பூப்போட்ட படுக்கை விரிப்பைப் போர்த்தினேன்.

மாமா பாட ஆரம்பித்தார். முதல் அடியிலேயே மேசைமேல் டம்ளர்கள் நடுங்கின. அவருக்குச் சந்தோஷம். கண்ணை மூடிக்கொண்டு இன்னும் கீழே இறங்கினார். அவர் இறங்க இறங்க விரிப்பும் இறங்கியது. ஒரு விரல், ஒரு சாண், பிறகு மொத்தமும்.

கறுப்புத் துணி ஒட்டிய பெட்டி. வெள்ளைச் சிலுவை. முகம் இருக்கவேண்டிய இடத்திலிருந்து, மணமக்கள் நீடூழி வாழ வேண்டும் என்று ஒரு ஆண்குரல்.

மாப்பிள்ளையின் அத்தை சிலுவை போட்டுக்கொண்டார். என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

“உள்ள யாரு கீறாங்க?”

ஒருவரும் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. இலையை விட்டு எழுந்தார். அவர் வரிசையே எழுந்தது. ஆம்ப்ளிபயரை அணைத்திருக்கலாம். அணைத்தால் மாமா குரல் போய்விடும், குரல் போனால் பிலோமினா போய்விடுவாள். அணைக்கவில்லை. மாமா நான்கு சரணமும் பாடி முடித்துத்தான் கண்ணைத் திறந்தார்.

என் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப் போனார்.

“என் பொண்ணு கல்யாணத்துல பொணப்பொட்டியாடா?”

“ஆமா மாமா. அதுலதான் அடிக்குரலு வந்துச்சு.”

என் கையை விட்டார். மண்டபத்து மூலையைத் திரும்பிப் பார்த்தார்.

“இருவது வர்சமா பாடினுகீறேன். இன்னிக்குத்தான் எனக்கே கேட்டுச்சு,” என்றார். பிறகு, “ஞாயித்துக்கெயம வூட்டுக்கு வா. வெறுங்கையோட வா.”

போனேன். அடுத்த தையில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் கேட்டுக்கொண்டதால் அதற்கு மைக் செட்டே இல்லை. (மாப்பிள்ளை வீட்டார் என்றால் என் அம்மா. சவப்பெட்டிக்கு விரிப்பைப் போர்த்திய கோபம்.)

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. எப்போதாவது வீட்டில் குரலை உயர்த்தினால், பிலோமினா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து ஒன்றுதான் கேட்பாள்.

“இன்னா, உள்ள வெச்சு மூடட்டா?”

பேரப்பிள்ளைகள் சிரிக்கும். நான் போய்ச் சாப்பிட உட்காருவேன்.