தலைப்பொங்கலில் காணாமல் போன கிழங்கு

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு இப்போது வெட்கமில்லை. இருந்த வெட்கமெல்லாம் தலைப்பொங்கல் அன்றே செலவாகிவிட்டது.

கல்யாணமான புதிதில் பாளையங்கோட்டையில் வாடகை வீடு. சுற்றுச்சுவரை ஒட்டி நாலடி மண் கிடந்தது. அதில் எதையாவது வளர்த்து மனைவி செல்வியிடம் நல்ல பெயர் வாங்க வேண்டும் என்று ஆசை. (அதுவரை நான் வளர்த்தது மீசை மட்டும். அதுவும் சரியாக வரவில்லை.) கூட வேலை பார்த்த ராதாபுரத்து நண்பர் செங்காந்தள் கிழங்கு நான்கைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"ஒரு தடவ நட்டாப் போதும் வே. வருசா வருசம் காயும், மழைக்கு அதுவா முளைக்கும். கிழங்க மட்டும் யாரும் வாயில வச்சிராமப் பாத்துக்கிடும். ஆளக் கொன்னுரும்."

முதல் பாதியை மட்டும் செல்வியிடம் சொன்னேன். இரண்டாம் பாதியையும் சொன்னால் கிழங்கோடு சேர்த்து என்னையும் வெளியே போட்டுவிடுவாள் என்று பயம்.

ஆடியில் நட்டது ஐப்பசியில் பூத்தது. சுவர் முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாக ஒரே அமர்க்களம். செல்வி தெருவில் போகிறவர்களைக்கூடக் கூப்பிட்டுக் காட்டினாள். மார்கழியில் கொடி காய்ந்தது. அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் கைபேசியில் யாரோ ஒரு குளிர்நாட்டுக்காரர், உறைபனி விழுவதற்குள் கிழங்கைத் தோண்டி வீட்டுக்குள் வைக்கச் சொன்னார். பாளையங்கோட்டையில் என்றைக்கு உறைபனி விழுந்தது என்று ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டாமா? தோண்டினேன். மண் போகக் கழுவினேன். புடவைக்கடை விளம்பரம் போட்ட செய்தித்தாளில் பொதிந்து அடுப்படி அலமாரியில் வைத்தேன்.

பொங்கலுக்கு முந்தின நாள் நாங்குநேரியிலிருந்து மாமனாரும் மாமியாரும் பொங்கல்படி கொண்டுவந்தார்கள். பானை, கரும்பு, மஞ்சள்குலை, அப்புறம் ஒரு சாக்கு நிறையக் கிழங்கு: சேனை, சேம்பு, பிடிகிழங்கு, சிறுகிழங்கு. மாமா அத்தனையையும் அந்த அலமாரிக்குக் கீழேயே கொட்டினார்.

அத்தையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவர்கள் வீட்டு வழக்கப்படி மாமியார் மாப்பிள்ளை முன்னால் வந்து நிற்க மாட்டார், நேராகப் பேசவும் மாட்டார். கல்யாணமாகி எட்டு மாதமாக, அத்தை கதவுக்குப் பின்னால் நின்று செல்வியிடம் சொல்வார், செல்வி என்னிடம் சொல்வாள். எனக்கும் அது சௌகரியமாகவே இருந்தது.

பொங்கலன்று மதியம் எனக்கும் மாமாவுக்கும் முதலில் இலை போட்டார்கள். கிழங்குக் கூட்டை நான் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். செல்வி வீட்டுக்காரம்மாவுக்குப் பொங்கல் கொடுக்க அடுத்த தெருவுக்குப் போனாள். கை கழுவிவிட்டு வரும்போது அடுப்படிக்குள் தற்செயலாகப் பார்த்தேன். தரையில் என் புடவைக்கடை விளம்பரம் விரிந்து கிடந்தது. அதன் மேல் கிழங்குத் தோல் குவிந்திருந்தது.

நாக்கு மரத்துப்போன மாதிரி இருந்தது. கடித்துப் பார்த்தேன், வலித்தது. அதுவும் ஒரு அறிகுறியோ என்று பயந்தேன்.

மாமா நாற்காலியில் சாய்ந்திருந்தார். "மாமா, வயிறு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு மாப்ள."

இரண்டு நிமிடம் கழித்து மறுபடி கேட்டேன். மூன்றாவது தடவை கேட்டதும் அவர் முகம் சுருங்கியது. "வயித்துக்கு என்ன? நான் கூடுதலாத் தின்னுட்டேன்னு சொல்லுதியளா?"

அத்தை ஆறடி தூரத்தில், கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். நான் அடுப்படி வாசல் பக்கம் போனதும் சேலை முந்தானை உள்ளே மறைந்தது. என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் இருமினேன். கதவிடுக்கு வழியாக ஒரு செம்புத் தண்ணீர் வந்தது. குடித்தேன். மறுபடி இருமினேன். இன்னொரு செம்பு வந்தது. (விஷம் கொஞ்சம் கரையட்டும் என்று அதையும் குடித்தேன்.) மூன்றாவது செம்பு வரும்போது மாமா எழுந்து கழிவறைக்குள் போய்த் தாழ்போட்டார்.

அவ்வளவுதான், எனக்கு மிச்சமிருந்த தைரியமும் போய்விட்டது. கதவைத் தட்டித் திறக்கவைத்து, தோளில் துண்டோடு அவரை ஆட்டோவில் ஏற்றினேன். வண்ணார்பேட்டை தாண்டும்போதுதான் விஷயத்தைச் சொன்னேன். மாமா என்னைத் திட்டவில்லை. "உங்க அத்த இன்னும் சாப்பிடலயே மாப்ள" என்றார். அந்த நிமிடம் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. விஷம் என்று தெரிந்தும் அந்த அம்மாளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், இருமிவிட்டு வந்திருக்கிறேன்.

செல்விக்குப் போன் செய்தேன். "கூட்டுல விஷக்கிழங்கு. அத்தையச் சாப்பிட விடாத. ரெண்டு பேரும் உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க." வைத்துவிட்டேன். உடனே அவள் திரும்பக் கூப்பிட்டாள். பதினோரு தடவை கூப்பிட்டாள். அத்தை சாப்பிட்டு மயங்கி விழுந்துவிட்டார் என்ற செய்தியாகத்தான் இருக்கும் என்று பயந்து நான் எடுக்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "யார் அதிகம் சாப்பிட்டது?" என்று கேட்டார்.

"மாப்பிள்ளதான். மூணு தடவ" என்றார் மாமா. அதை அவர் எண்ணியிருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

என்னைப் படுக்கவைத்து மூக்கு வழியாகக் குழாயைச் செலுத்தினார்கள். வயிற்றிலிருந்து முதலில் வந்தது அத்தை கொடுத்த தண்ணீர். கண்ணில் நீர் வழியக் கிடக்கும்போது செல்வி ஓடிவந்தாள். அவளை விலக்கிக்கொண்டு ஓர் அம்மாள் என் கட்டிலருகே வந்து நின்றார். அத்தையின் முகத்தை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததே இல்லை.

"மாப்பிள்ள, நீங்க தாள்ல பொதிஞ்சு வச்சது கண்வலிக் கிழங்குல்லா. எங்க காட்டுல வேலியெல்லாம் அதுதான் கெடக்கும், ஆடுகூடத் தொடாது. நேத்தே பாத்துட்டு, பத்திரமா எடுத்து அங்கன செவரோரமா நட்டுட்டேன். தாளு சும்மா கெடந்துதேன்னு தோல் சீவிப் போட்டேன். இதச் சொல்லத்தான் செல்வி அத்தன தடவ போன் போட்டா. ஒரு வார்த்த கேட்டிருந்தியன்னா சொல்லிருப்பேன்லா."

எட்டு மாதத்தில் அத்தை என்னிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. பதில் சொல்ல முடியாதபடி குழாய் தொண்டையில் இருந்தது. செல்வி மட்டும், "விஷம்னு தெரிஞ்சேதான் அடுப்படியில வச்சியளா?" என்று கேட்டாள்.

இப்போது சொந்த வீடு. அந்தக் கிழங்கின் வாரிசுகள் இங்கேயும் சுவரோரம் வருடா வருடம் காய்ந்து, வருடா வருடம் பூக்கின்றன. நான் தோண்டுவதில்லை. பொங்கலன்று எல்லோருக்கும் இலை போட்டுப் பரிமாறியபின் ஒருவரும் கை வைப்பதில்லை. என் மகள் உட்பட அத்தனை பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் கூட்டிலிருந்து ஒரு கிழங்கை எடுத்து மென்று விழுங்க வேண்டும். அத்தை கையில் கரண்டியோடு எனக்கு நேர் எதிரே வந்து நின்று கேட்பார்:

"மாப்பிள்ள, வயிறு எப்படி இருக்கு?"

நல்லா இருக்கு அத்தை என்று நான் சொன்ன பிறகுதான் மாமா சோற்றில் கை வைப்பார்.