மறுவீட்டுப் பந்தியில் குடலின் பதிலுக்குக் காத்திருந்த கதை

திருநெல்வேலி டவுண்
8.9.1997

அன்புள்ள குமரகுருபரனுக்கு,

அத்தை அன்னத்தாய் ஆசி கூறி எழுதுவது. இங்கே என் சர்க்கரையைத் தவிர எல்லோரும் நலம். டென்மார்க் குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டு நலமாயிருப்பாய் என்று நம்புகிறேன். உன் கடிதம் வந்தது. தேதி போடவில்லை. நான் வேலை பார்த்த கான்வென்ட் பள்ளியாக இருந்தால் மதர் திருப்பிக் கொடுத்திருப்பார்.

டாக்டர் தேவசிகாமணி இன்சுலின் ஊசி போட வேண்டும் என்கிறார். எதிலிருந்து எடுப்பது என்று கேட்டேன். பன்றியிலும் உண்டு, மாட்டிலும் உண்டு என்றார், காபியா டீயா என்று கேட்பதுபோல. எழுபத்திரண்டு வயது வரை முட்டையைத் தொடாதவள் நான். என் தம்பி மகன் குடலிலிருந்து மருந்து கண்டுபிடிக்கிறான், அதுவரை பொறுக்கிறேன் என்றேன். "அது வர வருஷக்கணக்காகும்மா. பத்து நாள் சாப்பாட்டக் குறைங்க. சர்க்கரை இறங்கலன்னா ஊசிதான், பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டார்.

அதனால் நீ எழுதியதை மறுபடி படித்தேன். சாப்பாடு போய்ச் சேர்ந்ததும் குடல் ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. அது கணையத்திடம் இன்சுலின் கொடு என்றும், வயிற்றிடம் மெல்லப் போ என்றும், மூளையிடம் போதும் என்றும் சொல்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் ரத்தத்தில் இரண்டு நிமிடம்கூட நிற்காது என்கிறாய். அமெரிக்கப் பல்லி ஒன்றின் எச்சிலில் இருப்பது நெடுநேரம் நிற்கும் என்றும் எழுதியிருக்கிறாய். உன் அத்தை சைவம் என்பதை உன் ஆய்வகத்தில் சொல்லி வை.

இதற்கிடையில் உன் தங்கை சித்ரலேகாவின் மறுவீட்டு விருந்து வந்தது. வழக்கம்போல் தேங்காய்ப்பால் ஊற்றிய சொதிக் குழம்பு. பந்தியில் நான்தான் மூத்தவள், நான் எழுந்தால்தான் மற்றவர்கள் எழலாம் என்பது உனக்குத் தெரியும். ஒரு கரண்டி சோறும் சொதியும் சாப்பிட்டேன், கையை இலையிலேயே வைத்துக்கொண்டு குடல் போதும் என்று சொல்வதற்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா திருஞானசம்பந்தம்; அவருக்கு நான் மதினி முறை.

"மயினி, சொதி பிடிக்கலையா?"

"பிடிச்சிருக்கு. பதில் வரணும்."

"யார்ட்ட இருந்து?"

"குடல்ட்ட இருந்து."

அவர் பரிமாறுகிற பையனைக் கைகாட்டிக் கூப்பிட்டார். "ஏலே, மயினிக்கு வயித்துக்குச் சரியில்ல. இஞ்சித் துவையல் கொண்டா!"

துவையல் வந்தது. துவையல் வந்தால் சொதி வரும், சொதி வந்தால் சோறு வரும். சம்பந்தி வீட்டார் முன்னால் இலையில் மிச்சம் வைக்க முடியுமா? சாப்பிட்டேன். மறுபடி காத்திருந்தேன். எல்லோருக்கும் கை காய்ந்துவிட்டது. அடுத்த பந்திக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்கள்.

"அண்ணாச்சி, இந்தப் பந்தி இன்னைக்கு எந்திரிக்குமா?"

"பைய இருவே. மயினிக்கு உள்ள இருந்து ஆர்டர் வரணுமாம்."

எனக்கு அதெல்லாம் தூரத்தில் கேட்டது. கண் தானாக மூடிக்கொண்டது. தேங்காய்ப்பால் நம் ஊர் ஆறாகி, வெள்ளையாய்ப் பாபநாசத்தில் இறங்கி, சேரன்மகாதேவி கடந்து, ஸ்ரீவைகுண்டம் அணையில் கொஞ்சம் தேங்கி நின்று, புன்னக்காயல் பக்கம் போய்க்கொண்டிருந்தது. கடல் தெரிகிற இடத்தில் யாரோ ஒரு பெண், முகம் தெரியவில்லை, கையை மேலே தூக்கிப் போதும் என்றாள். ஆறு முழுவதும் அப்படியே நின்றது. எனக்குள் எங்கும் ஒரே அமைதி. எழுந்தேன். பந்தி மொத்தமும் எழுந்தது. யாரோ கைகூடத் தட்டினார்கள்.

ஆகவே என் குடல் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. எனக்கு ஊசி தேவையில்லை. இதை டாக்டருக்கும் எழுதிவிட்டேன். நீ எடுத்த காரியம் உன் கையிலேயே முடிந்து பலருக்குப் பயன்படட்டும். நெல்லையப்பரும் காந்திமதியும் உன்கூட இருப்பார்கள்.

இப்படிக்கு,
அன்னத்தாய்

பி.கு.: உறையை ஒட்டுமுன் ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. சர்க்கரை முன்னைவிட அதிகம். டாக்டர் நர்ஸ் யூனிஸை அனுப்பினார். பன்றியா மாடா என்று நான் கேட்பேன் என அவளுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். மருந்துப் புட்டியின் சீட்டை நான் படிக்கும்படி திருப்பிக் காட்டினாள். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, போடு என்றேன்.