தறி எண் 214-க்குப் பாவு வராத விவகாரம்

சின்ன காஞ்சிபுரம்,
25-4-2006

சிரஞ்சீவி ராம்ப்ரஸாத்துக்கு மாமா அழகியமணவாளனின் ஆசீர்வாதம். இங்கே நானும் மாமியும் தேவராஜப் பெருமாள் புண்ணியத்தில் சௌக்கியம். நீயும் பெங்களூரில் சௌக்கியமாகத்தான் இருப்பாய், உன்னை யார் கேள்வி கேட்கப் போகிறார்கள்.

எங்கள் நெசவாளர் சங்கத்துக்கு நீ எழுதிக்கொடுத்த புரோகிராம் பத்து நாளாக 214-ஆம் தறி ஆதிகேசவனுக்கு மட்டும் தறியில் ஏற்றப் பாவு நூல் கொடுக்க மாட்டேன் என்கிறது. மற்ற தறிக்கெல்லாம் சீட்டு அடிக்கிறது, அவன் பெயரைப் போட்டால் ‘பிழை ஏற்பட்டது, செயலாளரை அணுகவும்’ என்கிறது. செயலாளர் நான்தானே, நான் யாரை அணுகுவது? போனில் கேட்டால், “எர்ரரை நான் பிடிச்சுட்டேன் மாமா, அதான் புரோகிராம் நிக்கலை” என்று பெருமை வேறு. பிடித்தாய் சரி, எங்கே பிடித்தாய்? டேட்டாபேஸுக்குள் பாவு கொடுக்கிற ஃபங்ஷன் சாயம் பார்க்கிற ஃபங்ஷனைக் கூப்பிடுமாம், அது தறி பார்க்கிற ஃபங்ஷனைக் கூப்பிடுமாம், இதில் எது தடுக்கி விழுந்தது என்று எழுதின உனக்கே தெரியாதாம். இங்கே ஒரு இழை அறுந்தால் சாயம் போட்டது யாரு, பாவு ஓடினது யாரு, பிணைச்சது யாரு என்று பள்ளிக்கூடமே போகாத, இழை பிணைக்கிற மணியம்மாள் மூச்சு விடாமல் சொல்லுவாள். நீ எம்.சி.ஏ. படிச்சு என்னத்தைக் கிழிச்சே? நேற்று ஆதிகேசவன் ஆபீஸுக்கே வந்து, “தறி சும்மா கெடக்குது சாமி, நீங்க பொட்டியப் பாத்துக்கினு இருக்கீங்க. நாளிக்குப் பாவு வர்லன்னா நான் தனியார் கடைக்கு நெய்யப் போறேன்பா” என்று எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டான். சங்கத்திலேயே நல்ல கை அவனுடையது. அவன் போய்விட்டால் எந்த முகத்தோடு நான் அந்த நாற்காலியில் உட்காருவேன்? அவமானமாக இருக்கிறதடா.

எது எதைக் கூப்பிட்டது, எந்த வரியில் விழுந்தது என்று முழு வரிசையும் திரையில் வருகிற மாதிரி உடனே செய். முடியாவிட்டால் மிக்ஸி ரிப்பேர் பண்ணப் போ.

பெருந்தேவித் தாயார் உனக்குப் புத்தியும் ஆயுளும் தரட்டும், முதலில் புத்தி. உன் அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

மாமா

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் நீ ஈ-மெயிலில் அனுப்பிய திருத்தத்தைக் கிளார்க் வரதராஜன் போட்டுவிட்டான். முழு வரிசையும் வந்தது. பாவு, சாயம், தறி, எல்லாவற்றுக்கும் அடியில் ‘Sri 214, இது எண் அல்ல’ என்று ஒரு வரி. வருஷப் பிறப்பன்று புதுத் தறிப் பதிவை, கைராசிக்காரன் என்று ஆதிகேசவன் தறியில்தான் ஆரம்பித்தேன். நல்ல நாளும் அதுவுமாக முதல் பதிவில் ஸ்ரீ இல்லாமல் வெறும் 214 என்றா போடுவார்கள்? வரதராஜன் அதை ஆதிகேசவனுக்கே சத்தமாகப் படித்துக் காட்டினான். அந்த Sri-யை அழித்ததும் சீட்டு வந்தது, அவன் பாவு வாங்கிக்கொண்டு சிரித்தபடி போய்விட்டான். ஆகவே திரையில் இந்த வரிசையெல்லாம் வேண்டாம், இன்றைக்கே எடுத்துவிடு. பழைய ஒரு வரிதான் பார்க்க மரியாதையாக இருந்தது.