புறாவுக்குப் போன நத்தார்ப் பாண்

கோலியர்ஸ் வுட், லண்டன்
25.12.2003

அன்பின் சற்குணம் அத்தானுக்கு,

நீங்களும் அக்காவும், உங்கள் வீட்டில் தங்கியிருக்கும் என் மனைவி சிவனேஸ்வரியும் பிள்ளை மேனுஷாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க நல்லூரானை வேண்டிக்கொண்டு எழுதுவது. என் சுகத்தை மட்டும் கேட்காதீர்கள். சனிக்கிழமை பஸ் பிடித்துப் பாரிஸுக்கே திரும்பி வருகிறேன். நீங்கள் வேலை செய்கிற ரெஸ்ரோறன்றில் நான் கோப்பை கழுவின இடம் இன்னும் காலியாக இருந்தால் முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். இங்கே முதியோர் இல்லக் குசினியில் சமையல் உதவிக்கு எனக்குத் தந்த மூன்று மாதத் தவணை இன்றோடு முடிகிறது. இன்றைய நத்தார்ச் சாப்பாடு சரிவந்தால் வேலை நிரந்தரம். நிரந்தரக் கடிதத்தைக் காட்டினால் வீட்டுக்காரர் இரண்டு அறை வீடு தருவார், மனைவியும் பிள்ளையும் என்னோடு வந்து இருக்கலாம். அவர்களைப் பார்த்து ஏழு மாதம், அத்தான். இவ்வளவும் தொங்கினது ஸ்டஃபிங் என்கிற ஒரு சாமானில். பேக்கரிப் பாணைப் பிசைந்து வான்கோழியோடு வைக்கிற கலவை அது. அது இல்லாவிட்டால் இந்தக் கிழவர்களுக்கு நத்தாரே இல்லையாம். தலைமைச் சமையல் பெர்னடெற் அக்கா நம்மூர் ஆள்தான், ஆனால் கண்டிப்பு என்றால் அப்படியொரு கண்டிப்பு. "சிவா, நான் நத்தார்ப் பூசைக்குப் போறன். ஸ்டஃபிங் உன்ர பொறுப்பு. தட்டில இருக்கிற பாணை எடு, வெங்காயம், பட்டர், சேஜ் இலை போட்டுப் பிசைஞ்சு அவணில பேக் பண்ணு. அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டா.

தட்டில் எங்கே பாண்? நேற்றுப் பின்னேரம் பார்த்தபோது நாலு தட்டு நிறையப் பாண் துண்டுகள், இரண்டு நாளாய்த் திறந்தபடி கிடந்து காய்ந்து விறைத்துப் போயிருந்தன. அதை அக்கா ஸ்டஃபிங்குக்கென்றே காயப் போட்டிருந்தா என்று எனக்கு ஆர் சொன்னது? என் துப்புரவை மெச்சட்டுமே என்று அவ்வளவையும் பின்வளவில் புறாக்களுக்குப் போட்டுவிட்டு, தட்டையும் பளபளவென்று மினுக்கி வைத்தவன் நான்தான்.

இன்றைக்குக் கடையெல்லாம் பூட்டு. காலைச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த புதுப் பாணைப் பிய்த்துப் போட்டுக் கோழி அவித்த தண்ணியை ஊத்தினன், ஐயோ அத்தான், ஒரே களி! சேஜ் இலையைப் போட்டன், கசாயம் மாதிரி மணக்குது. அழுது என்ன பிரயோசனம் எண்டு களியைப் பிழிஞ்செடுத்து, பெர்னடெற் அக்கா தன்ர சாப்பாட்டுக்கெண்டு சாமான் வைச்சிருக்கிற அலுமாரியைத் திறந்து, மிளகாய்த்தூளும் பெருஞ்சீரகமும் அள்ளிப் போட்டு, வதக்கின வெங்காயத்தையும் சேர்த்து, சிவனேஸ்வரி கட்லற்றுக்கு உருட்டுற மாதிரி உருட்டி எண்ணெயில பொரிச்சுப்போட்டன். அதைத்தான் ஸ்டஃபிங் எண்டு அனுப்பினன். பத்து நிமிசம் ஆகேல்லை, சாப்பாட்டு அறையில டங் டங் எண்டு சத்தம். எட்டிப் பார்த்தால், ஒரு நாளும் வாய் திறக்காத மிஸ்டர் வில்கின்ஸ் முகமெல்லாம் சிவந்து கரண்டியால மேசையில அடிக்கிறார். பார்த்துக்கொண்டு நிக்க மற்றக் கிழடுகளும் அடிக்கத் துவங்கிச்சினம். ஏப்ரனைக் கழட்டிக் கதவில கொளுவிப்போட்டுப் பின்கதவால ஓடிவந்திட்டன். நத்தார் எண்டபடியால் பஸ்ஸும் இல்லை, ரெயினும் இல்லை. ஒண்டரை மணித்தியாலம் நடந்து வந்து, சப்பாத்தும் கழட்டாமல் இதை எழுதுறன்.

சிவனேஸ்வரிக்கு நீங்களே பக்குவமாய்ச் சொல்லுங்கோ. அவவின்ர குரலைக் கேட்டால் நான் அழுதுபோடுவன். அக்காவுக்கு என் அன்பு. பிள்ளைக்கு ஒரு முத்தம். கடவுள் உங்கள் எல்லாரையும் என்னைப் பார்த்ததைவிட நல்லாய்ப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்களை நம்பியிருக்கும் மைத்துனன்,
சிவானந்தன்

பி.கு.: அத்தான், மேலே எழுதின ஒண்டையும் வாசிக்க வேண்டாம். கடிதத்தை ஒட்ட முதல் பெர்னடெற் அக்கா காரில வந்து வாசலில நிண்டு கத்தினா. "எட விசரா, ஏன்ரா ஓடினனி? அதுகள் இன்னும் கொண்டா எண்டெல்லோ மேசையில தட்டினதுகள்! வில்கின்ஸ் ஒன்பது உருண்டை சாப்பிட்டவர்." முகம் சிவந்தது மிளகாய்த்தூளாலயாம். பாண் போன இடத்தையும், அலுமாரி திறந்ததையும் சொல்லிச் சொல்லி அரை மணித்தியாலம் ஏசினா. ஏசி முடிச்சுத்தான் வேலை நிரந்தரம் எண்டா, கடிதம் திங்கட்கிழமை கைக்கு வரும். புதுவருசத்துக்கும் இதே சாமான் நாற்பது பேருக்கு வேணுமாம், அளவை எழுதித் தா எண்டு பேனையோட நிக்கிறா. எனக்கெங்க அளவு தெரியும்? "அளவு தெரிஞ்ச ஆள் பாரிஸிலயிருந்து வருது அக்கா, பிள்ளையோட" எண்டு சொல்லிப்போட்டன். பெட்டி கட்டச் சொல்லுங்கோ.