செபாஸ்தியான் கையளவு

"இன்னா ருக்கு, இவ்ளோதான் சோறா?"

"டாக்டரம்மா சொன்ன கணக்குதாங்க. மூடின கை அளவு சோறு, அதுக்கு ரெண்டு பங்கு காய். காயைத் தின்னு முடிச்சுட்டுதான் சோத்தைத் தொடணும்," என்றாள் ருக்மணி.

மூன்று மாதத்தில் சர்க்கரை இறங்காவிட்டால் தினமும் ஊசி. செஞ்சியில் வேர்க்கடலை மண்டி வைத்திருக்கும் மல்லிநாதனுக்கு ஊசி என்றாலே பயம். மூட்டையை லேசாகத் தூக்கிப் பார்த்தே எடை சொல்லும் மகா கெட்டிக்காரர் அவர். சோற்றைப் பார்த்தால் மட்டும் அந்தக் கெட்டிக்காரத்தனம் எங்கோ போய்விடும்.

பகலில் மண்டியில் சின்ன டிபன் பாக்ஸ்தான். ஆசை தீரச் சாப்பிடுவது சாயங்காலம். அதிலும் சமணக் குடும்பம், பொழுது சாய்ந்தபின் சாப்பாடு கிடையாது. சூரியன் ராஜகிரிக் கோட்டை மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டால் தட்டைக் கழுவிவிட வேண்டியதுதான்.

மூன்றாம் நாள் அவர் முகத்தைப் பார்த்து ருக்மணி பெருமூச்சு விட்டாள்.

"பாவம், உங்க கை சின்னது. அளக்கறது யார் கைன்னு டாக்டரம்மாவும் சொல்லல..."

மல்லிநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தார். மறுநாளே மண்டியில் மூட்டை தூக்கும் செபாஸ்தியானை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்.

"கையை மூடுப்பா!"

மூடினான். பலாப்பிஞ்சு கணக்காக இருந்தது. அடடா, கை என்றால் அதுவல்லவா கை!

"இனிமே இதான் அளவு!"

ருக்மணி சண்டைக்கு வரவில்லை. அலமாரியிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்து அந்தக் கையோடு வைத்துப் பார்த்தாள். அச்சாகப் பொருந்தியது.

"சரிங்க. சோறு ஒரு கிண்ணம், காய் இதே கிண்ணத்துல ரெண்டு. அளவுன்னா எல்லாத்துக்கும் ஒண்ணுதானே?"

வியாபாரி ஆயிற்றே, நியாயத்தை எப்படி மறுப்பார்? தலையாட்டினார்.

அன்று சாயங்காலம் இரண்டு கிண்ணம் முருங்கைக்காய். மென்று, சப்பி, சக்கையைத் துப்பி, அப்பாடா என்று சோற்றில் கை வைத்து மூன்றே வாய்தான் உண்டிருப்பார்.

"ஏங்க, பொழுது போச்சு!"

மீதிச் சோறு மாட்டுக்குப் போனது.

அடுத்த நாள் கொத்தவரங்காயை அவசர அவசரமாக விழுங்கினார். விக்கல் பிடித்துக்கொண்டது. ஒரு சொம்புத் தண்ணீர் குடித்ததில் வயிறு முட்டிப்போய், சோற்றைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அதற்கடுத்த நாள் மண்டியை அரைமணி நேரம் முன்னதாகவே பூட்டிவிட்டு ஓடி வந்தார்.

"காய் இன்னும் வேகலியேங்க," என்றாள் ருக்மணி. அடுப்பருகே உட்கார்ந்து சட்டியையும் ஜன்னல் வழியே ராஜகிரியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார் மனிதர்.

ஆனாலும் ஒரு நாள்கூட, இருட்டியபின் ஒரு வாய் போடு என்று அவர் கேட்கவில்லை. ஐம்பத்தெட்டு வருஷப் பழக்கம். அந்த வைராக்கியத்துக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

மூன்று மாதம் போனது. ரிசல்ட்டைப் பார்த்த டாக்டரம்மாவின் கண்கள் விரிந்தன.

"சூப்பர் சார்! ஊசியே வேணாம். எப்படிப் பண்ணீங்க?"

"எல்லாம் நம்ம மூளைதான் மேடம்!"

பக்கத்தில் ருக்மணி பதவிசாகத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

அவளை வீட்டில் விட்டுவிட்டு நேராக மண்டிக்குப் போனார். சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. செபாஸ்தியானின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இந்தக் கைதான்பா என்னைக் காப்பாத்துச்சு! ஊசி இல்லன்னுட்டாங்க! அன்னிக்கு மட்டும் எனக்கு உன் நெனப்பு வராம இருந்திருந்தா?"

செபாஸ்தியான் கூச்சத்தோடு தலையைச் சொறிந்தான்.

"எப்படியும் வந்திருக்கும் மொதலாளி. நீங்க கூப்புடறதுக்கு ரெண்டு நாள் முந்தியே, நீங்க இல்லாத நேரமாப் பாத்து அம்மா கிண்ணத்தோட மண்டிக்கு வந்து, எங்க எட்டுப் பேர் கையையும் மூடச் சொல்லிப் பாத்து, என்னைத்தானே பொறுக்கிட்டுப் போனாங்க!"