மாப்பிள்ளை சொன்ன பாதி உப்பு

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வலது கை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. எழுத்துக் கோணலைப் பொறுத்துக்கொள்ளவும்.

போன முறை வந்தபோது, சாப்பாட்டுக்குப் பின், உப்பு எப்படி உண்டாகிறது என்று நீங்கள் விளக்கினீர்கள். சோடியம் தன் கடைசி எலக்ட்ரானைக் குளோரினிடம் கொடுத்துவிடும், கொடுத்தது நேர் அயனி, வாங்கியது எதிர் அயனி, இரண்டும் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்வதால் நகர முடியாது, ஆகவே காய்ந்த உப்பில் மின்சாரம் பாயாது என்றீர்கள். அதுவரை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த நம்பிக்கையில்தான், நான் பொறுப்பாளராக இருக்கும் உப்புக் கிடங்கில், மேல்தோல் உரிந்த மின்சார ஒயர் உப்புக் குவியல்மேல் விழுந்தபோது, எடுத்துவிடலாம் என்ற மூட்டைக்காரரை அடக்கி, படித்தவர் சொல்லியிருக்கிறார் என்று அப்படியே போட்டுவைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது. பிறகு மழை பெய்து, கூரை ஒழுகி, குவியல் நனைந்து, உப்புத் தண்ணீர் இரும்புக் கதவுவரை கசிந்திருக்கிறது. நான் கதவைப் பிடித்தேன். அதற்குமேல் எனக்குத் தெரியாது. மூட்டைக்காரர் ஓடிப்போய் மெயினை அணைத்திருக்காவிட்டால் இந்தக் கடிதமும் கிடையாது.

ஆஸ்பத்திரியில் உங்கள் மாமியார் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். என் கையைத் தடவிக்கொண்டே இருந்தாள். கடைசியில், "உங்களுக்கு ஒண்ணு ஆகியிருந்தா மாப்பிள்ளை முகத்துல எப்படி முழிப்பேன்?" என்றாள். என் முகம் கணக்கிலேயே வரவில்லை.

உங்கள் மனைவியோ போனில், தண்ணீரில் கரைந்தால் அயனிகள் பிரிந்து நடமாடும், உருக்கினாலும் அப்படியே, அப்போது மின்சாரம் பாயும் என்று ஒப்பித்தாள். முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அவரு சொல்லிக்கிட்டுதான்ப்பா இருந்தாரு. நீங்க குறட்டை விட்டுட்டீங்க."

ஆள் தூங்குகிறான் என்று தெரிந்தால் உயிருக்கு ஆபத்தான பாதியை முதலில் சொல்ல வேண்டாமா? ஆகவே இனி நம் வீட்டில் வேதியியல் பேசக் கூடாது என்று மனவருத்தத்துடன் தெரிவிக்கிறேன். நீங்களும் என் மகளும் நோய்நொடியின்றி நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
மாமனார்

பி.கு.: மேலே கண்டதைக் கிழித்துவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே வரவும். கிடங்கு ஆட்களைக் கூட்டிவைத்து உப்பைப் பற்றி நானே பாடம் எடுத்தேன். திடமாக இருந்தால் பாயாது, உருகினால் பாயும் என்றதும் மூட்டைக்காரர், "அப்போ சர்க்கரைய உருக்கினா?" என்று கேட்டுவிட்டார். எனக்கு இருமல் வந்துவிட்டது. எல்லோரும் இன்னும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.